முதல்நன்மை நாளில் இருண்ட திரை

சூடேறிய தூசியின் மணம்... பழைய கணினியின் பின்புறத்திலிருந்து அது வரும். பலிபீடத்துக்குப் பின்னாலிருந்த அந்தச் சிற்றறையில் உருகிய மெழுகின் மணமும் அதனோடு கலந்திருக்கும்.

நண்பர்களே, மேடைகளில் நான் முழங்கக் கேட்டிருக்கிறீர்கள். ஊர் முழுவதும் கேட்கும்படி நான் முதன்முதல் எதை முழங்கினேன் என்பதை இன்று சொல்லிவிடுகிறேன்.

மன்னார்த் தீவின் பேசாலையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் அறிவிப்பாளனாக இருந்த காலம். ஒலிபெருக்கியில் ஓர் ஆங்கிலச் சொல்லும் என் நாவிலிருந்து உதிராது என்ற செருக்கு எனக்கு உண்டு. அறிவிப்போடு கணினியும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. படகு இயந்திரம் திருத்தும் நண்பன் அன்ரன், எவரோ கழித்துவிட்ட அந்தக் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, வாசலில் ஒரு கமராவும் பூட்டி, வழிபாட்டை இணையத்தில் ஒளிபரப்ப வழிசெய்து தந்திருந்தான்.

அன்று பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை நாள். ஜெனிற்றா அக்காவின் மகள் டிலானியும் அவர்களுள் ஒருத்தி. தகப்பன் ராஜன் அண்ணை கட்டாரில். மகள் பிறந்தபோதும் அவர் அருகில் இல்லை. இதையாவது கைப்பேசியில் பார்த்துவிட வேண்டுமென்று, வேலைத்தள மேற்பார்வையாளரிடம் கெஞ்சி ஒரு மணிநேரம் வாங்கியிருந்தார்.

வெள்ளை உடுப்பும் பூமுடியுமாகப் பிள்ளைகளின் ஊர்வலம் புறப்பட்டது. நான் அதை வருணித்துக்கொண்டிருந்தேன். கணினித் திரையில் படம் சிறிதாகத் தெரிந்தது. பெரிதாக்கினால் அழகாயிருக்குமே... ஒரு கோப்பில் எண்ணொன்றை மாற்றினேன். திரைக்காட்சியை மறுபடி தொடங்கும் கட்டளையைத் தட்டினேன்.

திரை இருண்டது.

அன்ரனை அழைத்தேன். அவன் சிலாவத்துறையில் ஒரு படகு இயந்திரத்தைக் கழற்றிப் பரப்பிவிட்டு நின்றான்.

“என்னத்தைத் தொட்டனி?”

“ஒண்டுமில்லையடா... சின்ன எண் ஒண்டு.”

“ஓடுற எஞ்சினுக்குள்ள கையை விட்டிட்டு, சின்ன விரல்தான் எண்டு சொல்லு! கொன்ட்ரோல், ஓல்ட், எஃப் மூண்டு... சேத்து அமத்து.”

அழுத்தினேன். வெறும் எழுத்துகள் மட்டும் கொண்ட கரிய திரை எழுந்தது. அவன் சொல்லச் சொல்ல, பிழை நேராதிருக்க ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லித் தட்டினேன். மேடைப் பழக்கம்... குரல் தானாகவே உயர்ந்தது.

“சூடோ! சிஸ்டம் சீரீஎல்! ஸ்ரேற்றஸ்! டிஸ்பிளே மனேஜர்!”

முன்னாலிருந்த ஒலிவாங்கியை நான் நிறுத்தியிருக்கவில்லை.

ஊர்வலத்தில் வந்த மரியதாஸ் ஐயா, புதிய மன்றாட்டு என்றெண்ணி “ஆமென்” சொன்னாராம்.

“சிவப்பில ஃபெயில்ட் எண்டு கிடக்கடா.”

“ஓம், மொனிற்றருக்கு ஏலாத அளவைக் குடுத்திருக்கிறாய். அந்த ஃபைலின்ர பேரை மாத்திப்போட்டு...”

அழைப்பு அறுந்தது. இந்தியாவுக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி வந்து விழுந்தது. எங்கள் கரையில் கைப்பேசிகள் இப்படித்தான், நினைத்த நேரத்தில் அக்கரை அலைவரிசையைப் பிடித்துக் கடலைக் கடந்துவிடும்.

ஜெனிற்றா அக்கா ஓடிவந்தார்.

“தம்பி, முதல்ல உந்த மைக்கை நிப்பாட்டு! றோட்டெல்லாம் சிரிக்குது...”

இருண்ட திரையைக் கண்டதும் அவரின் சிரிப்பு நின்றது.

“ஐயோ... பிள்ளை வாசலுக்கு வந்திட்டாள். அவர் பாத்துக்கொண்டு இருப்பாரே!”

“முழுசா நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடுறன் அக்கா.”

கணினியை நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தேன். அக்காவின் கைப்பேசி அலறியது. ராஜன் அண்ணை!

“எடியேய், அவளின்ர பூமுடி ஒரு பக்கமாச் சாஞ்சு கிடக்கு. ஓடிப்போய் நிமித்திவிடு!”

இருவரும் இருண்ட திரையைப் பார்த்தோம்.

“உங்களுக்கு... தெரியுதோ?”

“வடிவாத் தெரியுது. கோயில் ஸ்பீக்கரில உவன் இங்கிலீசில ஆரைத் திட்டுறான்?”

தீயைத் தொட்டவன்போல் விரலை எடுத்தேன். திரை விழுந்தாலும் விழாதபடி, ஒளிபரப்பைத் தனியாக ஓடவிட்டிருந்தான் அன்ரன். குருடாகிப்போனது நான் மட்டுமே. ஒரு கணம் அழுத்தியிருந்தால், அந்தத் தகப்பனின் கண்ணையும் நானே மூடியிருப்பேன்.

அக்கா வாசலுக்குப் பறந்தார். வழிபாடு முடியும்வரை நான் கணினியைத் தொடவேயில்லை. பிறகு கோப்பின் பெயரை மாற்றிக் கட்டளையைத் தட்டினேன். திரை உடனே எழுந்தது. அதில் வெறும் வாசல்தான் தெரிந்தது...

இன்று கோயிலில் மூன்று கமரா, புத்தம்புதுக் கணினி, இயக்குவதற்குத் தனிக் குழு. எவரும் கட்டளை தட்டுவதில்லை, ஒலிபெருக்கியில் எவரும் உளறுவதுமில்லை. ராஜன் அண்ணை ஊரோடு வந்துவிட்டார். ஆனால் வழிபாட்டை வீட்டுக் கதிரையில் சாய்ந்தபடி கைப்பேசியில்தான் பார்க்கிறார். கோயிலுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். கேட்டால், “பழகிப்போச்சுத் தம்பி” என்று சிரிக்கிறார்.

ஜெனிற்றா அக்கா மட்டும் விடுவதில்லை.

“கட்டாரில இருக்கேக்க கோயில் வாசலில நிண்ட மனுசன், ஊருக்கு வந்தாப்பிறகு கட்டாரில நிக்குது!”