முதல் ஜெட் குண்டுவீச்சு விமானமும் விடுபட்ட பந்தியும்

நான் குடியேறிய, பிரெஞ்சு பேசும் நகரின் பக்கத்தில், டோர்வலில் ஒரு தொழிற்சாலையில் விமான இறக்கைகளுக்கு ரிவெட் ஆணி அடித்துத் தகடுகளை இணைப்பது என் வேலை. தகட்டின் ஒரு பக்கத்தில் நின்று நான் அடிக்க, மறுபக்கத்தில் இன்னொருத்தி இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்திருப்பாள். மாலையில் இருவருக்கும் விரல்கள் விறைத்துப்போகும்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார், சென்னைக்காரர். உலகின் முதல் ஜெட் குண்டுவீச்சு விமானத்தின் வரலாற்றைப் பற்றிப் பேச அவர் ஆயத்தமானார். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் ஜெர்மானியர் பறக்கவிட்ட விமானம் அது. அவருக்கு வேண்டிய நூல் ஒன்று பிரெஞ்சில் இருந்தது. எனக்குப் பிரெஞ்சு வரும் என்பதால் முக்கியமான பகுதிகளைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். நூலகத்தில் எடுத்து, சென்ட்-மிஷேலில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து ஒரு மாதம் எழுதினேன்.

முதலில் ஆவலாகத்தான் இருந்தது. முதல் மாதிரிகளுக்குச் சக்கரமே இல்லையாம். தள்ளுவண்டி ஒன்றின் மேல் வைத்து ஓடவிட்டு எழுப்பினார்கள். இறங்கும்போது சறுக்குக்கட்டையில் வந்து வயிறு உரச நிற்குமாம். ஒரே ஆள் ஓட்டிக்கொண்டே குண்டும் போட்டான். எஞ்சின்கள் சில மணி நேரப் பறப்பிலேயே தேய்ந்துபோயின. சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் பங்கர்க் குழிக்குள் குந்தியிருந்து ஜெட் இரைச்சலைக் கேட்டவள் நான். அதனால் குண்டு விழும் பக்கங்களுக்கு மனத்தைத் திடப்படுத்தி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரு பக்கத்தில் வந்த ஒரேயொரு பந்திக்கு நான் தயாராக இருக்கவில்லை. விமானத்தைக் கட்டிய நிறுவனத்தின் ஒரு தொழிற்சாலைக்கு வதைமுகாமிலிருந்து யூதப் பெண்களைக் கொண்டுவந்தார்கள். தலை மழிக்கப்பட்ட பெண்கள். குளிரில், அரைப் பட்டினியில், அடியும் வாங்கிக்கொண்டு விமானப் பாகங்கள் செய்தார்கள். அந்தப் பந்தியை ஒரு சொல்லும் விடாமல் எழுதி, பக்கத்தின் ஓரத்தில் கோடும் போட்டுக் கொடுத்தேன்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரி மண்டபத்தில் பேச்சு நடந்தது. தள்ளுவண்டிக்குச் சிரிப்பு, வேகத்துக்குக் கைதட்டல். "என்ன ஒரு அழகான டிசைன் பாருங்க" என்று மூன்று முறை சொன்னார். அந்த யூதப் பெண்கள் அவர் பேச்சில் வரவேயில்லை. கேள்வி நேரத்தில் எழுந்தேன்.

"சேர், இதை ஆர் செய்தது எண்டு நான் எழுதித் தந்தனான். ஏன் அதைச் சொல்லேல்லை?"

"அது வேற சப்ஜெக்ட்மா. நம்ம டாபிக் இன்ஜினியரிங்."

"ரிவெட் அடிக்கிறது இன்ஜினியரிங் இல்லையோ? நானும் அந்த வேலைதான் செய்யிறன்."

"ஞாயித்துக்கிழமை அதுவுமா குழந்தைங்க வந்திருக்காங்க. அவங்க முன்னாடி இதெல்லாம் எதுக்குங்க?"

"குண்டு போட்டதைப் பிள்ளையளுக்கு முன்னாலைதானே சொன்னனீங்கள்?"

பக்கத்தில் இருந்த என் கணவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை. நினைவில் இருந்த அளவுக்கு அந்தப் பந்தியைச் சொல்லி முடித்தேன். குரல் நடுங்கியது. பயத்தில் என்று சிலர் நினைத்திருப்பார்கள். அது அசல் ஆத்திரம்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பேச்சு சங்க மலரில் கட்டுரையாக வந்தது. பந்தி இல்லை. அடியில் மட்டும் மொழிபெயர்ப்புக்காக எனக்கு நன்றி. அன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"நன்றி சொன்னதுக்கா கோவிச்சுக்கறீங்க?" என்றார்.

"அந்தப் பெண்டுகள் இல்லாத கட்டுரையிலை என்ர பேர் வேண்டாம் சேர். எடுத்துவிடுங்கோ."

இணையப் பதிப்பில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். பந்தியைச் சேர்க்கவில்லை. சங்கக் கூட்டங்களில் இப்போது அவர் என்னைக் கண்டால் தலையாட்டுவார். நான் ஆட்டுவதில்லை. "கோவம் இன்னும் ஆறேல்லையோ?" என்று கணவர் கேட்கிறார். ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எனக்கு விருப்பமும் இல்லை.