ஏழாம் நம்பருக்கு என்ன போட்டோம்

செபஸ்தியான் அண்ணன் இறந்துவிட்டார். இன்று காலை கலஹாவில், வேலைக்கு வரும் பஸ்ஸுக்காக நின்ற இடத்தில். மாரடைப்பாம்.

அவருடைய மகள்தான் போனில் கோல் எடுத்துச் சொன்னாள். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தக் கோல் வருவதற்கு முன்பே, தீனி கேட்டுப் பன்றிகள் கத்தத் தொடங்கியிருந்தன. கலஹா பஸ் பிந்திவிட்டது என்று நான் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்கு: ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி செய்து பார்க்கும் எங்கள் ஆய்வில், பேராதனையில் பன்றிகளைப் பராமரித்தவர் அவர். அந்தக் காய்ச்சலில் அவருடைய சொந்தப் பன்றிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. "ஊசி வரட்டும், பெறகு குட்டி வாங்குவோம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் காலிக் கொட்டிலைக் கழுவி வைப்பாராம்.

ஆய்வில் பாதிப் பன்றிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். எதற்கு எது என்று முடியும்வரை அவருக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது. அதுதான் முறை. அதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

"மிஸ், எனக்கு மட்டும் சொல்லுங்க."

"எனக்கே தெரியாது அண்ணே."

"இம்புட்டுப் படிச்சும் தெரியாதா? ஏழாம் நம்பருக்கு மருந்துதான். ஊசி போட்ட நாள்லருந்து என்னய மொறைக்குது."

"உங்களப் பார்த்தா யாரும்தான் மொறைப்பாங்க."

வெள்ளிக்கிழமை, எதற்கு எது என்ற பட்டியலைத் திறந்தோம். மாலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு கேற்றடியில் நின்றிருந்தார்.

"என்னா மிஸ், வேல செய்யுதா?"

இரத்தப் பரிசோதனை ரிசல்ட் என் பையில் இருந்தது. ஒரு தடவை வந்ததை நான் நம்புவதில்லை.

"இன்னொருக்கா பார்க்கணும் அண்ணே. திங்கக்கிழமை சொல்றேன்."

"வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்கா. மறக்காம சொல்லிப்புடுங்க." சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

இன்று திங்கள்.

பத்தரைக்கு இரண்டாம் தடவையும் பார்த்தாயிற்று. அதேதான்.

பிறகு நானே போய்த் தீனி போட்டேன். ஏழு என்னையும் முறைத்தது.

அண்ணே... ஏழுக்கு வெறும் உப்புத்தண்ணிதான். மருந்து போட்டதுக்கெல்லாம் இரத்தத்துல எதிர்ப்பு வந்திருக்கு. நோயத் தடுக்குமான்னு இன்னும் பார்க்கணும். இப்போதைக்கு இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.

வீட்டுல நான் சொல்லிடுறேன். போயிட்டு வாங்க.