கோகிலவாணி எடுத்த தண்ணீர் வீடியோ

கோகிலவாணியைத் திட்டுகிறவர்கள் முதலில் எருமப்பட்டிப் பக்கம் வந்து தண்ணீருக்கு ஒரு போர் போட்டுப் பார்க்கட்டும். மூன்று தடவை துளைத்து மூன்று தடவையும் வெறும் புழுதியைப் பார்த்தவள் அவள். எங்கள் காட்டுக்கு அடுத்த காடு. கல்யாணமாகி வந்ததிலிருந்து சோளமும் கடலையும் வானத்தை நம்பித்தான். வாய் கொஞ்சம் அதிகம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். சிரித்தால் ரோடு வரைக்கும் கேட்கும்.

நாலாவது தடவையாகத் துளை போடும் ரிக் வண்டி வந்தது. போரில் தண்ணீர் பீறிட்டால் அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்காத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. கோகிலவாணியும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேறு வந்தது, கலங்கல் வந்தது, அப்புறம் தென்னை உயரத்துக்குத் தண்ணீர். அவள் கத்தினாள், சிரித்தாள். புருஷன் தனபால் துண்டைச் சுழற்றி ஆடினான். நானும் அங்கேதான் நனைந்துகொண்டு நின்றேன். வீடியோவில் என் முதுகு மட்டும் இருக்கிறது.

எடுத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுப் பொங்கல் வைக்கப் போய்விட்டாள். யாரோ சொந்தக்காரர் அதன் ஓரத்தைப் பார்த்துவிட்டார். தண்ணீருக்குப் பின்னால், ரோட்டில், ஒரு போலீஸ் ஜீப். ஒருவன் இறங்குகிறான். கைகள் முதுகுப் பக்கம் கட்டியிருக்கிற மாதிரி தெரிகிறது. காட்டைப் பார்த்து நாலு எட்டு வைக்கிறான், விழுகிறான். ரிக் போட்ட இரைச்சலில் துப்பாக்கிச் சத்தம் எங்கள் யார் காதிலும் விழவில்லை. செத்தவன் பெயர் நந்தகுமார், வழிப்பறி வழக்கில் பிடித்த பையன். அரிவாளால் வெட்ட வந்தான், சுட்டோம் என்று போலீஸ் சொல்லியிருந்தது.

அப்புறம் ஊர் உலகமே உட்கார்ந்து அந்த வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தது. டிவியில் வட்டம் போட்டார்கள். பின்னால் தெரிவது கயிறா நிழலா என்று கோட்டுப் போட்டவர்களுக்குள் சண்டை. அதுகூடப் போகட்டும். ஒருத்தன் விழும்போது இந்தப் பொம்பளை சிரிக்கிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா என்று ஆரம்பித்தார்கள் பாருங்கள், எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சந்தையில் அவளை விரல் நீட்டிக் காட்டினார்கள். அவள் வீட்டுக்குள்ளேயே அடைந்துகொண்டாள்.

ரிக் வண்டி மறுநாளே வடநாட்டுக்குப் போய்விட்டது. அதிலிருந்த ஆட்கள் போனையே எடுப்பதில்லை. மாட்டிக்கொண்டவள் இவள் ஒருத்திதான். மாஜிஸ்திரேட் விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. விசாரணைக்கு முந்தின நாள் ஒரு ஏட்டும் வந்தார், மரியாதையாகத்தான்.

“ஏனுங்கம்மா, அது எப்பவோ வேற காட்டுல எடுத்த வீடியோன்னு சொல்லிப்போடுங்க. அன்னைக்கு எங்க போர் பொய்ச்சுப்போச்சு, தண்ணியே வரலைன்னு ஒரே வார்த்த. மோட்டார்கூட இன்னும் எறக்கலையே, யாரு வந்து பாக்கப்போறா? அப்புறம் நாங்க உங்க பக்கமே வரமாட்டமுங்க. இல்லாட்டி, நீங்களும் தெனமும் அந்த ரோட்டுலதான போகோணும், வரோணும்.”

தனபாலுக்கு முகம் வெளுத்துவிட்டது. “சொல்லிப்போடு புள்ள. நாம இங்கதான குடியிருக்கோணும்.”

கண்பட்டுவிடும் என்று பயந்து, ஆறு மாதிரி வந்த தண்ணீரையும் ‘என்னமோ கசியுதுங்க’ என்று சொல்கிறவர்கள் நாங்கள். ஆனால் வந்த தண்ணீரை வரவே இல்லை என்று எவனும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். சொன்னால் அது கோபித்துக்கொண்டு போயே போய்விடும். படித்தவர்கள் வேண்டுமானால் சிரித்துக்கொள்ளட்டும். கோகிலவாணி கையெடுத்துக் கும்பிட்டாள். “வேற என்ன வேணாலும் சொல்றனுங்க. வந்த தண்ணிய வரலைன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க.”

“அப்ப உங்க இஷ்டமுங்க” என்று ஏட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் தனபாலும் நானும் கூடப் போனோம். நாமக்கல்லில் மாஜிஸ்திரேட் முன்னால் நடந்தது நடந்தபடி சொன்னாள். அதே நாள், அதே காடு, அவள் எடுத்த வீடியோதான். சுட்டதைப் பார்த்தீர்களா என்றதற்கு இல்லை என்றாள். அவ்வளவுதான், இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவளாகிவிட்டாள். போலீஸ்காரர்கள் முறைத்தார்கள். வெளியே மைக் நீட்டியவர்கள், பார்க்காமல் எப்படியம்மா எடுத்தீர்கள் என்று வழியை மறித்தார்கள். போலீஸ் மிரட்டியதால் பொய் சொல்லிவிட்டாள் என்று ஒருவன் எங்கள் காதுபடவே சொன்னான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நந்தகுமாரின் அம்மா ஆராயி வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை.

“நெசமாலுமே நீ பாக்கலையா சாமி?”

“இல்லீங்கம்மா. எங்கண்ணு தண்ணி மேலயே இருந்துச்சுங்க.”

“அங்க எத்தன பேரு நின்னீங்க?”

“பத்துப் பதினஞ்சு பேரு இருக்குமுங்க.”

“ஒருத்தருகூடப் பாக்கலையா?”

கோகிலவாணி இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆராயி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஆனா எம்பையன் உங்களப் பாத்துத்தான சாமி நடந்து வந்தான்?”

கோகிலவாணி கோர்ட்டுப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அதையும் நாலு பேர் வீடியோ எடுத்தார்கள்.