எகிப்து ராணிக்குத் துணி சுற்றியவள்

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு காலி மனையில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினம், மிளகாய் பஜ்ஜிக் கடை எல்லாம் தாண்டிப் போனால் கடைசியில் ஒரு கூடாரம். வாசலில் தட்டி: ‘ஐயாயிரம் வருஷத்து எகிப்து ராணி. உயிரோடு விரல் அசைக்கும் மம்மி.’ அந்த ராணிக்குத் தினமும் துணி சுற்றிவிடுகிற வேலை எனக்கு.

நான் நைனார்பாளையத்துக்காரி. ஏழாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் மைக் செட் போடுகிறவர். கூடாரத்துக்கு மைக், லைட் எல்லாம் அவர் பொறுப்பு. அவரோடு போனதில் எனக்கும் வேலை கிடைத்தது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பஸ் கால் மணி நேரம் தாமதித்தால் கவிழ்ந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிடுவேன்.

முதலில் முதலாளி வைத்திருந்தது ஒரு மாவுப் பொம்மை. மழையில் ஊறி அதன் மூக்கு விழுந்துவிட்டது. மூக்கு இல்லாத ராணியை எவன் பார்ப்பான் என்று உயிருள்ள ஆளைத் தேடினார். தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு மலைக்காரப் பெண்ணை அழைத்து வந்தார். கல்வராயன் மலையில் உள்ளே தள்ளி ஏதோ ஒரு கிராமம் அவளுக்கு. ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பாள். அவளுடைய பையனைக் கீழே ஹாஸ்டலில் சேர்க்க ஜாதிச் சான்றிதழ் வேண்டும். மனுவில் கிராம அதிகாரி கையெழுத்து வாங்கிவிட்டாள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். தாசில்தார் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நாளைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் மலை ஏறி இறங்க முடியாமல் ஊரிலேயே தங்கியிருந்தாள். தங்குகிற நாளுக்குச் சோறு வேண்டுமே, அதனால் ராணியாகப் படுத்தாள்.

முதலாளியிடம் லண்டன் மியூசியத்து மம்மி படம் ஒன்று இருந்தது. ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தில் வெட்டியது. அதைப் பார்த்துத்தான் சுற்றுவேன். பழைய வேட்டியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, டீத்தூள் தண்ணீரில் முக்கி, கஞ்சி போட்டு வைத்திருப்பேன். இரண்டு கையையும் மார்பின் மேல் குறுக்காக வைத்து, காலைச் சேர்த்து, தாடையைத் தூக்கிக் கட்டி, கண், வாய் எல்லாம் மூடுவேன். மூக்கும் வலது கை ஆள்காட்டி விரலும் மட்டும் வெளியே தெரியும். சுற்றி முடிக்க ஒரு மணி நேரம். கஞ்சி காய்ந்தால் துணி பலகை மாதிரி ஆகிவிடும். வாய் திறக்க முடியாது. அவிழ்க்க நேரமாகும் என்பதால், ஆத்திர அவசரத்துக்கு வெட்ட ஒரு கத்தரிக்கோலை முதலாளி என்னிடம் கொடுத்திருந்தார். கயிற்றில் கோத்து இடுப்பில் செருகியிருப்பேன்.

லண்டன், பாரிஸ், கல்கத்தா, ஐதராபாத் என்று மியூசியம் மியூசியமாக மம்மிகள் படுத்திருப்பதை முதலாளி மைக்கில் சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்போது அவள் விரலை அசைக்க வேண்டும். கூட்டம் அலறும். உள்ளே மிஷின் இருக்கிறது என்று சிலர் பேசிக்கொள்வார்கள்.

எனக்கு அவள் மூச்சு நின்றுவிடுமோ என்று பயம். ஆட்டத்துக்கு ஆட்டம் மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் துணியை அவிழ்த்ததும் சிரித்தாள். “செத்தாதான் மம்மி ஆவ முடியும்னு முதலாளி சொல்றாரு. நான் இன்னும் ஆவலக்கா. நீ போய் டீ குடி.”

இன்னொரு நாள், வெளியூர் மியூசியத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் எப்போது அவரவர் ஊருக்குத் திரும்பிப் போவார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. முதலாளியைக் கேட்டேன். டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவன் இருக்கிறவரை எங்கே போவது என்றார். அவளிடம் அதைச் சொன்னேன். மண்ணில் போட்டிருந்தால் இந்நேரம் நிம்மதியாக மண்ணாகியிருப்பார்கள் என்றாள்.

மறியல் தொடங்கியது. நாலு பக்கமும் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் ஓடவில்லை. தாலுகா ஆபீஸ் பூட்டு. ஜெனரேட்டருக்குச் சாமான் வாங்கச் சின்னசேலம் போன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளிக்கு மட்டும் சந்தோஷம். பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்ட ஜனம் பொழுது போகாமல் ராணியைப் பார்க்க வந்தது.

மறுநாள் காலையில் சுற்ற உட்கார்ந்தபோது, மடித்த மனுவை என்னிடம் நீட்டினாள். “துணிக்குள்ள வெச்சுக் கட்டிருக்கா. மூட்டையில வெச்சா எவனாவது எடுத்துக்கினு பூடுவான்.” மார்புக்கு மேல் வைத்து, கைகளை அதன் மேல் மடக்கி, ஏழு சுற்றுச் சுற்றினேன்.

மத்தியானம் வெளியே கூச்சல். கல் விழுகிற சத்தம், போலீஸ் விசில், கண் எரிகிற புகை. கூடாரத்தில் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஓடினார்கள். முதலாளி பின்பக்கமாகப் போனார். நானும் ஓடினேன். வாசல் படுதாவைத் தூக்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அவள் விரல் ஆடிக்கொண்டிருந்தது. அது ஆட்டத்துக்காக ஆட்டியது இல்லை. எனக்கு அது தெரியும். முதலாளி பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

எதிரே ஒரு டீக்கடை. பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தேன். எனக்குப் பின்னால் மீதியையும் இறக்கிவிட்டார்கள். ஷட்டரில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

போலீஸ் மெயின் ரோட்டுப் பக்கம் போன பிறகு பத்துப் பதினைந்து இளவட்டங்கள் வந்தார்கள். மந்திரிக்குக் கட்டி வைத்திருந்த கொடும்பாவியைப் போலீஸ் பிடுங்கிக்கொண்டு போய்விட்ட கோபம் அவர்களுக்கு. கூடாரத்துக்குள் புகுந்தார்கள். வெளியே வந்தபோது நாலு பேர் தோளில் அவள் இருந்தாள்.

“கட்டி ரெடியா வெச்சிக்கிறாங்கடா,” என்று சிரித்தான் ஒருவன். இன்னாடா இவ்ளோ கனம் என்று ஒருவன் கேட்க, ஊர்ப் பணத்தையெல்லாம் தின்னா கனக்காம என்று இன்னொருவன் சொன்னான். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி பாடியபடியே டீக்கடைக்கு நேர் எதிரில் நடுரோட்டில் கிடத்தினார்கள். வைக்கோலைச் சுற்றிப் போட்டார்கள்.

“டேய், விரல் ஆடுதுடா.”

“மிஷின்டா அது. நேத்தே நான் டிக்கெட் எடுத்துப் பாத்தன்.”

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. டீக்கடைக்காரர் என் தோளைத் தொட்டு, “கத்தாதம்மா, ஷட்டர ஒடைப்பானுங்க” என்றார். நான் கத்தவே இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். அவள் மூக்குக்குள் போயிருக்க வேண்டும். அந்தத் துணி மூட்டை உடம்பு பூராவும் குலுங்கி இருமியது.

தீப்பெட்டி வைத்திருந்தவன் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேர் ஓடினார்கள். மரம் வெட்டின கொடுவாளை வைத்திருந்த ஒருவன் மட்டும் மண்டி போட்டு, அவள் தாடைக்கும் துணிக்கும் நடுவில் தன் விரலைக் கொடுத்து, அது அறுபட்டாலும் பரவாயில்லை என்பதுபோல மெதுவாக வெட்டினான். யம்மா, மன்னிச்சிக்க யம்மா என்று அழுதுகொண்டே வெட்டினான். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கண்ணைக் கழுவினார்கள். ஒருவன் தன் துண்டைப் போர்த்தி அவளை மதகுக் கட்டையில் உட்கார வைத்தான்.

வெட்டின துணி குவியலாகக் கிடந்தது. வந்த வேலை கெட்டுப்போகக் கூடாது என்று ஒருவன் அதை வைக்கோலோடு சுருட்டிக் கட்டினான். அதுதான் கொடும்பாவி என்று பற்றவைத்தார்கள்.

மனு அதற்குள் இருந்தது. உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் அது தெரியும். அவள் கண் திறக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தாள். என் கண் நன்றாகத் திறந்திருந்தது. ‘ஐயோ, காகிதம்’ என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அவர்கள் அடிக்கிற ஆட்கள் இல்லை என்பதும் அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து அவள் மார்பைத் தடவிப் பார்த்தாள். கீழே பார்த்தாள். பிறகு தீயைப் பார்த்தாள்.

அவர்கள் போன பிறகு வெளியே வந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தாள்.

“கத்திரி உங்கிட்டதானக்கா இருந்துச்சு.”

அவ்வளவுதான். கூடாரத்தில் சரிந்து கிடந்த படுதாவுக்கு அடியிலிருந்து தன் புடவையைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டாள். மலைக்குப் போகிற கச்சிராயபாளையம் ரோட்டில் நடக்கத் தொடங்கினாள். நான் கூடவே கொஞ்ச தூரம் போனேன். ஆபீஸ் திறக்கட்டும், நானே வந்து தாசில்தாரிடம் சொல்கிறேன் என்றேன். “இன்னான்னு சொல்லுவ?” என்று நிற்காமலே கேட்டாள். வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் மறுநாள் நடந்தே வந்து சேர்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. நான் பயந்ததில் எதுதான் நடந்தது? முதலாளி துணி போச்சே என்று புலம்பினார். பார்த்தவர்கள் எல்லாம் ஐயோ பாவம், எவ்வளவு பயந்திருப்பாய் என்று என்னைத்தான் கேட்டார்கள். நானும் ஆமாம் என்றேன்.

பிறகு இரண்டு முறை கச்சிராயபாளையம் வரை பஸ்ஸில் போனேன். அங்கே இறங்கி மலையைப் பார்த்துக்கொண்டே டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்தப் பையனை ஹாஸ்டலில் சேர்த்தார்களா, அவன் மாடு மேய்க்கப் போனானா, தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயம்.

போன வருஷம் மகள் வீட்டுக்கு ஐதராபாத் போனபோது மியூசியத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே நிஜ மம்மி இருந்தது. சின்னப் பெண்ணாம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரே நெரிசல், சிரிப்பு. துணி சுற்றியிருந்த விதத்தைப் பார்த்தேன். என்னைவிட நேர்த்தியாகச் சுற்றியிருந்தார்கள். என் விரல் தானாகப் போய் அவள் மூக்குக்கு நேராகக் கண்ணாடியில் நின்றது. தொடாதீங்க என்று காவலர் அதட்டினார். மகள் என்னை நகர்த்திக் கூட்டிப்போய், அம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்று மருமகனிடம் சொல்லிச் சிரித்தாள்.

அத்தனை வருஷமாக நான் பயந்த பயத்தில் ஒரு துளிகூட அடுத்தவர்களுக்காக இருந்ததில்லை என்பதை, அந்த மலைக்காரப் பெண் என் இடுப்பைப் பார்த்த ஒரே பார்வையில் தெரிந்துகொண்டாள். எனக்கு அது தெரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.