ஒருத்திக்கு ஒரு அட்டை போதும்

இந்த ஊர்க்காரர்களுக்கு வெட்கமே கிடையாது. ஜூலை மாதம், வெளியே மழை சிணுங்கிக்கொண்டிருக்கிறது, நான் கம்பளிச் சட்டைக்கு மேல் கோட்டும் மாட்டிக்கொண்டு நடுங்குகிறேன். பர்மிங்காமில் எங்கள் தெருக்கோடி நூலக வாசலிலோ மஞ்சள் சூரியனை வரைந்து, 'கோடைக்கால நிகழ்ச்சிகள், எல்லா வயதினரும் வருக' என்று ஒட்டியிருக்கிறார்கள். கோடையாம்! மே மாத மத்தியானத்தில் திருச்சிப் பாலக்கரையிலிருந்து காந்தி மார்க்கெட் வரை ஒரு நடை நடந்தால் அந்தச் சொல்லுக்கு இவர்களுக்கு அர்த்தம் விளங்கும். உள்ளே போனால் அதைவிடக் கூத்து. ஒரு மூலையில் பொம்மலாட்டம், காலடியில் தவழும் குழந்தைகள், பல் போன கிழவர்கள் உட்கார்ந்து காகிதப் பூ செய்கிறார்கள். புத்தகத்தைத் தொடுவார் ஒருவரையும் காணோம். இதற்கு நூலகம் எதற்கு, ஒரு கொட்டகை போதாதா?

அங்கிருந்த நூலகர் அம்மாள் என்னைப் பார்த்து, உங்கள் நாட்டு நூலகங்களில் கோடையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். எங்கள் நாட்டில் நூலகம் உண்டா என்கிற சந்தேகம் அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. உட்காருவோம் என்ற பொருளில், "வீ சிட்" என்றேன். அவள் காதில் அது 'நிட்', அதாவது பின்னுவோம், என்று விழுந்து, வியாழக்கிழமைப் பின்னல் கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிட்டாள். பிறந்ததிலிருந்து கம்பளி நூலைத் தொடாதவள் நான். ஆனாலும் தெரியாது என்று சொல்ல ரோஷம் இடம் கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, யார் கையெழுத்தும் கேட்காமல் நான்கு அட்டைகளை நீட்டி, ஒரே சமயத்தில் நான்கு புத்தகம் எடுத்துப் போகலாம் என்றாள்.

நாங்கள் உட்கார்ந்த லட்சணத்தை அவளிடம் எப்படிச் சொல்வேன்? திருச்சியில் நாங்கள் போன நூலகத்தில் பெண்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து மணி வரை, தட்டிக்குப் பின்னால் இரண்டு பெஞ்சு. இருந்த ஒரே மின்விசிறி ஆண்கள் பக்கம். அதன் அடியில் நாலைந்து பெரிய மனிதர்கள் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விடுவார்கள். அவர்களுடைய கோடைக்கால நிகழ்ச்சி அதுதான். புத்தகமெல்லாம் பூட்டிய அலமாரிக்குள். வீட்டுக்கு எடுத்துப் போக அட்டை வேண்டும், அட்டைக்கு ஒரு பெரிய அதிகாரியின் ஜாமீன் கையெழுத்து வேண்டும். ரயில்வே குமாஸ்தாவான எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே அதிகாரி ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போய் அவர் வாசலில் நின்றார் அப்பா. உள்ளே வா என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது வாரம், எனக்கும் தங்கை லில்லிக்குமாக நீட்டிய இரண்டு தாள்களில் ஒன்றை மட்டும் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மனிதர் சொன்னாராம்:

"ரெண்டு பொண்ணுக்கும் எதுக்குங்காணும்? ஒருத்தி வாசிச்சு இன்னொருத்திக்குச் சொல்லட்டுமே."

அப்பா நீட்டியதில் என் தாள் மேலே இருந்தது, அவ்வளவுதான். ஞானசௌந்தரி என்று அட்டை வந்தது. காலையில் லில்லி, சாயங்காலம் நான் என்று ஒரே புத்தகத்தைப் பங்கு போட்டோம். எனக்கு மூன்று நாள் பிடிக்கும் புத்தகத்தை லில்லி ஒன்றரை நாளில் முடித்துவிட்டு, நான் முடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருப்பாள். அவள்தான் உண்மையில் படிக்கிறவள். அந்த அதிகாரியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் கல்யாணமாகிக் கப்பல் ஏறியபோது அந்த அட்டையும் என் பெட்டியில் வந்தது. தவறி வந்துவிட்டது என்று வீட்டுக்கு எழுதினேன். பொய். என் துணிகளுக்கு அடியில் நானே வைத்தேன். பெயர் என்னுடையதுதானே என்று அப்போது தோன்றியது. ஒருத்திக்குப் போதும் என்றார் அவர். அந்த ஒருத்தி யார் என்று முடிவு செய்தவள் நான். அந்த மனிதரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? இத்தனைக்கும் பிறகு, இங்கே கிடைத்த நான்கு அட்டைகளையும், பொம்மலாட்டத்தையும், பின்னல் கோஷ்டியையும் நக்கலடித்து லில்லிக்கே நான்கு பக்கம் எழுதினேன். எவ்வளவு கொழுப்பு பாருங்கள். பதில் நீலநிற விமானக் கடிதத்தில் ஐந்தே வரியில் வந்தது.

"அக்கா, உனக்கு அங்க நாலு அட்டை இருக்குல்ல, என்னோடத அனுப்பிடு. அஞ்சு வருஷமா தட்டிக்குப் பின்னாடி உட்காந்து படிச்சுட்டு, அஞ்சு மணிக்குப் பாதியில வச்சுட்டு வரேன். அந்த ஆபீசர் மாத்தலாகிப் போயிட்டாரு, அப்பாவால இனிமே யார் வாசல்லயும் போய் நிக்க முடியாது. அட்டையில உன் பேருதான் இருக்கு, பரவாயில்ல. கேட்டா நான்தான் ஞானசௌந்தரின்னு சொல்லிக்கிறேன்."

'என்னோடது' என்று எழுதியிருந்தாள். அன்றைக்கே அட்டையைத் தபாலில் சேர்த்தேன். இப்போது திருச்சியில் ஞானசௌந்தரி வாரம் இரண்டு புத்தகம் எடுத்துப் போகிறாளாம், லில்லி எழுதுகிறாள். இங்கே அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை என்று என்னை மேரி என்று கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.