பட்டியைத் தைத்தவர் பெயர்

கொழும்பில் ஒரு சட்ட நிறுவனத்துக்காக ஆக்கவுரிமை விண்ணப்பங்கள் எழுதுவது என் வேலை. ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அது என்ன, முன்பிருந்தவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதைச் சட்டத்துக்கு ஏற்ற மொழியில் எழுத வேண்டும். அங்கே தலையில் பர்தா போட்டவள் நான் ஒருத்திதான். வீட்டில் தமிழ் பேசுகிறவளும் நான் ஒருத்திதான். பிள்ளை பிறந்ததும் வேலையை விடப்போனேன். "உங்கள் ஊர் தில்லையடியில் இருந்தே செய்யுங்கள், கரண்ட் போனால் மட்டும் சொல்லுங்கள்" என்றார் என் மேலதிகாரி அம்மையார்.

போன வருடம் கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவிலிருந்து ஒருவர் கொழும்பு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். பெரிய காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் பலகையில் சறுக்கும் விளையாட்டை வெளிநாட்டவர்களுக்குப் பழக்குபவர். ஒரே கையால் பூட்டவும் கழற்றவும் கூடிய இடுப்புப்பட்டி ஒன்றைக் காட்டியிருக்கிறார். கடற்கரையில் பழகிய அவருடைய ஆங்கிலம் அங்கே யாருக்கும் சரியாக விளங்கவில்லை. வேலை என்னிடம் வந்தது.

கற்பிட்டி பஸ்ஸில் போய் அவர் வீட்டில் இறங்கினேன். தமிழில் கேட்டதும் மனிதர் மடைதிறந்தது போலக் கதைத்தார். அவரிடம் பழக வந்த ஒருவருக்கு இடது கை இயங்காதாம். கடையில் வாங்கிய பட்டியை இறுக்க இரண்டு கையும் வேண்டும். அதனால்தான் இந்த யோசனை வந்ததாம்.

"சரி நானா, இந்த நாடாவ ஏன் ரெண்டு தரம் மடிச்சீங்க?" என்று கேட்டேன். அண்ணனை நாங்கள் நானா என்போம்.

அவர் பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அத ராத்தாட்ட கேக்கணும் மிஸ்."

ராத்தா என்றது அவருடைய மூத்த சகோதரியை. உள்ளறையில், கிழிந்த காற்றாடிகளின் நடுவே, தையல் மெஷினோடு இருந்தார். ஊரிலுள்ள காற்றாடிகளெல்லாம் அவரிடம்தான் ஒட்டுப்போட வரும். ஒருமுறை மடித்தால் நனைந்த நாடா வழுக்கும், இரண்டாம் மடிப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்று பட்டியை இழுத்துக் காட்டினார். நான் எழுதிக்கொண்டே, "அப்ப உங்கட பேரும் கண்டுபிடிச்ச ஆளா வரணும் ராத்தா" என்றேன்.

"என்ட பேரு என்னத்துக்கு மிஸ்? பொம்பளப் பேரு போட்டா எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க. யோசிச்ச ஆள விட்டுட்டுக் குடுத்தாத்தான் பிறகு பிரச்சின."

தம்பி முகம் சிறுத்துவிடுமோ என்று பயந்தேன். அவரோ, "அப்ப ராத்தாட பேரப் போட்டு, என்ட பேர எடுத்திடுங்க" என்றார்.

"அதெப்படி?" என்று ராத்தா மெஷினை விட்டு எழும்பினார். "ஒத்தக் கையால கழட்டக்கூடியதா வேணும் எண்டது ஆரு? கொளுக்கிய பக்கவாட்டில வைக்கச் சொன்னது ஆரு? நான் கடலுக்கயா இறங்கினன்?"

பெயரைச் சேர்க்கச் சண்டை பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எடுக்கச் சொல்லிச் சண்டை பிடித்தவர்களை அன்றுதான் பார்த்தேன். இரண்டு பெயரையும் எழுதினேன். தம்பி சொன்னபடி ராத்தாவின் பெயர் முதலில். அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். அது செல்லாது என்று பிறகும் யாரும் சொல்லவில்லை. பகல் சாப்பிடாமல் விடமாட்டோம் என்றார்கள் இருவரும். கணவாய்க் கறி உறைப்பாக இருந்தது.

ஆக்கவுரிமை இன்னும் கிடைக்கவில்லை, பரிசீலனையில் இருக்கிறது. அதற்குக் காலம் எடுக்கும், கிடைக்காமலும் போகலாம் என்று இருவருக்கும் சொல்லியிருக்கிறேன். நடந்ததை அம்மையாரிடம் சொன்னேன். அவர், வருகிறவர்களிடம் முதலில் அவரவர் மொழியில் கதைக்க வேண்டும், கூட யோசித்தவர்கள் யார் என்று கட்டாயம் கேட்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். தமிழில் வருகிற வேலை கூடியதால் மூதூர்ப் பிள்ளை ஒருத்தியையும் சேர்த்திருக்கிறார்கள். இப்போது வேலையில் சந்தேகம் வந்தால் தமிழிலேயே கேட்க எனக்கும் ஆள் இருக்கிறது.

போன கிழமை ராத்தா போனில் கோல் எடுத்தார்.

"மிஸ், வேற ஒரு சாமான் தைச்சிருக்கன். எப்ப வாறீங்க?"

"தம்பி என்ன சொல்றார்?"

"அவனுக்கு இன்னம் காட்டல்ல" என்றார்.