முனியாண்டி இறந்த அன்று அமைச்சர் பதில் சொன்னார்

1. கேள்வி எங்கே?

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தலை நரைத்துவிட்டது. அதற்கு முன்பு தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தேன். கணக்கு எழுதுவது, சம்பளம் போடுவது, மேனேஜரிடம் திட்டு வாங்குவது என்று காலம் ஓடியது. மையத்துக்கு வந்த பிறகும் தோட்டத்து ஆட்கள் என்னைக் கிராணி என்றுதான் கூப்பிட்டார்கள்.

எங்கள் உறுப்பினர் ஒரு தமிழ்ப் பெண், என்னைவிட மிகவும் இளையவர். நாடாளுமன்ற உறுப்பினரை இங்கே எல்லோரும் ஒய்.பி. என்றுதான் அழைப்போம். நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை அண்ணே என்பார்.

முதல் நாளே பேச்சு எழுதும் வேலை வந்தது. பொருளாதார நெருக்கடி முற்றியிருந்த நேரம் அது. தொழிற்சாலைகளில் ஆள் குறைப்பு நடந்தது. தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. மையத்தின் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். என் வயிற்றெரிச்சலையெல்லாம் கொட்டி மலாயில் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். இதைப் பேசினால் மக்களவையின் கூரை பறக்கும் என்று எனக்குள் ஒரு பெருமை. ஒய்.பி. முழுவதையும் படித்தார்.

"நல்லா இருக்குண்ணே. ஆனா இதுல கேள்வி எங்க இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் பொறுமையாக விளக்கினார். நம் கோபத்துக்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டியதில்லை, கேள்விக்குத்தான் சொல்ல வேண்டும். அதுவும் நழுவ முடியாத கேள்வியாக இருக்க வேண்டும். அன்று என் பேச்சிலிருந்து மிஞ்சியது மூன்று வரி. வீட்டுக்குப் போய் மனைவியிடம், இந்த வேலை எனக்குச் சரிப்படாது என்று புலம்பினேன்.

ஊரில் இருந்த குறையும் இதுதான். மற்ற உறுப்பினர்கள் மேசையைத் தட்டிக் கத்துகிற காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி பறக்கும். எங்கள் ஒய்.பி. கத்த மாட்டார். எழுந்து ஏதோ கேட்பார், உட்கார்ந்துவிடுவார். நம்ம ஒய்.பி. வாயே திறக்கிறதில்லை என்று சாப்பாட்டுக் கடையில் என்னைப் பிடித்து ஏசுவார்கள். ரொட்டி சானாயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

2. லயத்து வீடுகள்

சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் விற்றுப் போனது. புதிய முதலாளி பால்மரம் சீவுவதை நிறுத்தினார். வேலை போனால் தோட்டத்தில் வீடும் போய்விடும், ஏனென்றால் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம். மாத முடிவுக்குள் காலி செய்யுங்கள் என்றார்கள். செய்யாவிட்டால் தண்ணீரை அடைப்பார்கள். லயத்துக்குத் தண்ணீர் தோட்டத்துக் குழாயில்தான் வருகிறது.

அந்த லயத்திலிருந்து முனியாண்டி என்பவர் மோட்டாரில் மையத்துக்கு வந்தார். பின்னால் மனைவி அஞ்சலை. வாழ்நாள் முழுக்க மரம் சீவிய மனிதர், அப்போது நெஞ்சு நோயாளி. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. என் காலம் முடிஞ்சிரும். இவ எங்க போவா? புள்ள குட்டியும் இல்ல. அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

ஒய்.பி. அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கேக்கறேண்ணே. பதிலோட உங்க வீட்டுக்கு வரேன்" என்றார்.

அரசியல்வாதி இப்படி வாக்குக் கொடுக்கலாமா என்று எனக்குத் திக்கென்றது. ஆனால் அஞ்சலையின் முகத்தைப் பார்த்துவிட்டு, லயத்து விவரத்தைக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

அடுத்த மக்களவைக் கூட்டத்தில் நெருக்கடி பற்றிய விவாதத்தில் ஒய்.பி. அந்த லயத்தைப் பற்றிப் பேசினார். பேசினால் மட்டும் வேலை முடிந்துவிடாது. விவாதம் முடிந்ததும் அமைச்சர்கள் ஒவ்வொருவராக எழுந்து பதில் சொல்வார்கள். அமைச்சர் பூசி மெழுகினால், கேட்டவர் எழுந்து குறுக்கே பேச வழி கேட்கலாம். மலாயில் 'மிந்தா லாலுவான்' என்பார்கள். அமைச்சர் வழி விட்டால் இன்னொரு முறை கேட்கலாம். கேட்டவர் இருக்கையில் இல்லையென்றால், எழுத்தில் பதில் தருகிறோம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த எழுத்து வந்து சேர்வதற்குள் லயம் காலியாகியிருக்கும்.

3. விடிந்ததும் வந்த செய்தி

எங்கள் விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் புதன்கிழமை எழுவார் என்று தெரிந்தது. காலையிலா மாலையிலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தப் புதன்கிழமை விடிந்ததும் முனியாண்டியின் தம்பி வேலு எனக்குப் போன் அடித்தார். அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார், அன்று மாலையே எடுக்கிறார்கள் என்றார். ஒய்.பி.யிடம் சொல்லிவிடு என்றார், வருகிறாரா என்று கேட்கவில்லை. வருவார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

கூட்டத்துக்காகக் கோலாலம்பூரில் இருந்த ஒய்.பி.க்கு அடித்துச் சொன்னேன். அழுகிறார் என்று தெரிந்தது.

"அண்ணே, நீங்க போங்க. அஞ்சலையக்கா பக்கத்துல நில்லுங்க. நான் இன்னிக்கு சீட்ட விட்டு நகர முடியாது."

சாவு வீடாச்சே, நீங்கள் வராவிட்டால் காலத்துக்கும் பேசுவார்களே என்றேன். கல்யாணத்துக்கு வராதவரை மன்னிப்பார்கள், இதற்கு வராதவரை மன்னிக்க மாட்டார்கள். அதிலும் பெண் ஒய்.பி., தாலி அறுத்தவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டியவர். இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பேசட்டும் என்றார். அப்படியானால் மக்களவையிலாவது இந்தச் சாவைச் சொல்லுங்கள், இன்று காலை செத்தவனின் பொண்டாட்டிக்கு என்ன பதில் என்று கேளுங்கள், நாடே திரும்பிப் பார்க்கும் என்றேன்.

"மாட்டேண்ணே. அந்தத் துக்கம் அக்காவோடது. அத எடுத்துட்டுப் போய் நான் அங்க காட்ட மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பெண்ணுக்கு அரசியல் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் காரை எடுத்தேன்.

4. சுடுகாட்டில் கேட்ட குரல்

லயத்து முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். சுற்று வட்டாரமே திரண்டிருந்தது. மெர்போக்கிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். நான் மாலை போட்டேன். அது ஒய்.பி. பேரில் வாங்கிய மாலை என்று எல்லோருக்கும் தெரிந்தது. சாலையில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் அஞ்சலை தலையை நிமிர்த்திப் பார்த்தார். அது பிறகு வேலு ஏசியதைவிட எனக்கு வலித்தது.

வேலு எல்லோர் முன்னாலும்தான் ஏசினார்.

"ஓட்டு கேக்க வந்தப்ப இதே வீட்டுல உக்காந்து தேத்தண்ணி குடிச்சாங்க கிராணி. இன்னிக்கு வழி மறந்து போச்சா?"

அவர்கள் பார்லிமெண்டில் இருக்கிறார்கள், உங்களுக்காகத்தான் இருக்கிறார்கள் என்றேன். எனக்கே அது சப்பைக் கட்டாகத் தெரிந்தது. மேளம் அடிக்கத் தொடங்கியதும் பேச்சு நின்றது.

சுடுகாடு தோட்டத்தின் பின்பக்கம். சடங்கு நடந்துகொண்டிருந்தபோது ஒரு ரப்பர் மரத்தடிக்கு ஒதுங்கிக் கைப்பேசியில் மக்களவை நேரலையைப் போட்டேன். அமைச்சர் எழுந்திருந்தார். அரசாங்கம் அக்கறையோடு இருக்கிறது, ஆராய்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவினார். ஒய்.பி. எழுந்து வழி கேட்டார். நேரமில்லை என்றார் அமைச்சர். ஒய்.பி. உட்கார்ந்தார். அமைச்சர் மூச்சு விட்ட இடத்தில் மறுபடியும் எழுந்து வழி கேட்டார். அவையில் யாரோ சிரித்தார்கள். ஒய்.பி. உட்காரவில்லை. கடைசியில் அமைச்சர் கையைக் காட்டினார்.

ஒய்.பி. மலாயில் கேட்டது இவ்வளவுதான். மாற்று வீடு கிடைக்கும்வரை அந்த லயத்திலிருந்து யாரும் வெளியேற்றப்பட மாட்டார்கள், தண்ணீரும் அடைக்கப்படாது என்று அமைச்சர் இந்த அவையில் உறுதி தருவாரா, இல்லையா? குரல் லேசாக நடுங்கியது. அன்று காலை என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த நடுக்கம் கேட்டிருக்கும். அமைச்சர் பின்னால் திரும்பி அதிகாரிகளைப் பார்த்தார், பிறகு உறுதி தருகிறேன் என்றார். இன்றே உத்தரவு போகும் என்றும் சொன்னார். ஒய்.பி. நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். முனியாண்டிக்காக அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டினார். அவருக்காகவும்தான்.

வேலுவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் மனம் ஆறவில்லை.

"நல்லது லா. அதுக்காக செத்தவன் மூஞ்சியப் பாக்க வரக்கூடாதா?"

மறுநாள் செய்தியில் வேறொரு உறுப்பினர் கத்தியதுதான் வந்தது. எங்கள் கேள்வியை யாரும் போடவில்லை. ஆனால் வாரம் முடிவதற்குள் மாவட்ட அதிகாரிகள் தோட்டத்து ஆபீசுக்கு வந்து போனார்கள். குழாயில் தண்ணீர் நிற்கவில்லை.

5. சொல்லக்கூடாத சொல்

சனிக்கிழமை ஒய்.பி. லயத்துக்கு வந்தார். நான் பின்னால் போனேன். சாவு வீட்டில் வருகிறவரை வாங்க என்று சொல்ல மாட்டார்கள். வந்தவரும் போகும்போது சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட வேண்டும். போயிட்டு வரேன் என்றால் அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு வருவதாக அர்த்தமாம். அன்று யாரும் ஒய்.பி.யை வாங்க என்று சொல்லவில்லை. அது வழக்கமா, கோபமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வேலு நாற்காலியை விட்டு எழவே இல்லை.

ஒய்.பி. தரையில் அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு முனியாண்டியின் படத்தைப் பார்த்தபடி, "அண்ணே, பதிலோட வந்திருக்கேன்" என்றார். நேரமானதும் வழக்கப்படி சொல்லாமல் எழுந்து வாசலுக்கு நடந்தார்.

"போயிட்டு வாங்கம்மா."

அஞ்சலைதான் சொன்னார். கூடத்தில் இருந்த பெண்கள் பதறிவிட்டார்கள். ஒருவர், அக்கா, இந்த வீட்டுல அப்படிச் சொல்லலாமா என்று வாயைப் பொத்தப் போனார். அஞ்சலை அந்தக் கையை விலக்கினார்.

"தெரியும். ஆனா வீடு இருக்குல்ல. நான் இங்கதான் இருப்பேன். போயிட்டு வாங்கம்மா."

ஒய்.பி. படியில் நின்று திரும்பினார். "வரேன்க்கா" என்றார். வேலு எழுந்து வந்து கார் கதவைத் திறந்துவிட்டார்.

இப்போது சேவை மையங்களில் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் பேச்சு எழுதுவது எப்படி என்று கேட்கிறார்கள். சொல்லித்தருகிறேன். கூடவே, பேசியது பாதி வேலைதான், பதில் வரும்போது உங்கள் ஒய்.பி. இருக்கையில் இருக்கிறாரா என்று பாருங்கள் என்பேன். அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், சில சமயம் சாவு வீட்டில் ஏச்சும் வாங்க வேண்டியிருக்கும். அந்த ஏச்சை வாங்கிக்கொள்வதும் நம் வேலைதான்.